நெற்றியில் பூசிய வேர்த்தூள்

“வெட்டின கம்புக்கு, வேர் விடு எண்டு சொல்றது ஆரு சேர்?”

நேசமலர் ரீச்சர் ஒருமுறை ஆசிரியர் அறையில், கணக்கு ஆசிரியரான என்னிடம் இப்படிக் கேட்டார். சென்ற வாரம் அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்து, “அக்கா போயிட்டா” என்றார். அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் காதில் நிற்கிறது. அவரிடம் விவசாயம் படித்த உங்களுக்கும் அந்தக் குரல் கேட்கும்.

போர்க்காலத்தில் நாங்கள் பழுகாமத்து வீட்டை விட்டு, வாவியைக் கடந்து செட்டிபாளையத்துக்கு வந்திருந்தோம். பழைய வீட்டு முற்றத்தில் என் தம்பி நட்ட மாதுளை நின்றது. ஒரு காலை தோணித்துறைக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் இராணுவம் வெட்டப்போகிறது என்று கேள்விப்பட்டதும், போய் மூன்று கம்புகளை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். “மனே, பிழைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

ரீச்சரிடம் சொன்னேன். நகரத்தில் தெரிந்த ஒருவரிடம், வேரைத் தூண்டும் வெள்ளைத்தூளைத் தீப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்தார். அந்நாளில் வெடிமருந்தோ என்ற சந்தேகத்தில், வெள்ளைத்தூள் எதுவும் சோதனைச்சாவடியை லேசில் தாண்டாது. பெட்டியைத் திறந்த சிப்பாய் அவரை உற்றுப் பார்த்திருக்கிறான். ரீச்சர் மூன்று விரல்களால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, “சாமி” என்றாராம். விட்டுவிட்டான்.

பூசிய நெற்றியோடேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். “நெத்தியில வேர் விட்டா நீங்கதான் வெட்டி விடோணும் சேர்” என்று சிரித்தார். பெட்டியை என் கையில் வைத்தார். “நாளைக்கு வாறன். அதுக்குள்ள தொட்டுப்போடாதீங்க.”

மறுநாள் இராணுவச் சுற்றிவளைப்பு. பத்து நாட்கள் அவரால் வர முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கூடப் போட்டால் கெதியில் வேர் வரும் என்று நினைத்து, இரண்டு கம்புகளுக்கு அடியில் தூளை அப்பி நட்டேன். பெட்டி காலியாகிவிட்டது. ரீச்சர் வந்து பிடுங்கிப் பார்த்தபோது இரண்டும் அடிகருகிப் போயிருந்தன.

“வா கா பிள்ளை. இவன் அவசரப்பட்டுட்டான்” என்று அம்மா என்னைக் காட்டிக்கொடுத்தார்.

ரீச்சர் கோபிக்கவில்லை. “மருந்து கேட்டதுக்கு விருந்து வச்சிருக்கிறீங்க சேர்” என்றார். சாக்கிலேயே கிடந்த மூன்றாவது கம்பில் ஒரு கொழுந்து எட்டிப் பார்த்திருந்தது. சத்தெல்லாம் வேருக்குப் போகட்டும் என்று நான் அதைக் கிள்ளப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“இதே மாதிரி மருந்து கம்புக்குள்ளேயும் இருக்கு. கொழுந்துல ஊறி அடிக்கு இறங்கும். ஒட்சின் எண்டு படிப்பிக்கிறம். கொஞ்சம் எண்டா வேர் வரும், மிஞ்சினா கருகும். வேர் விடச் சொல்றது கொழுந்துதான் சேர்.”

கம்பின் அடியை நனைத்து, காலிப்பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தூளைத் தொட்டெடுத்தார். அதிலும் மிஞ்சியதை விரலால் ஒரு தட்டுத் தட்டி உதிர்த்தார். அந்தக் கம்பு வேர் விட்டது. முதல் பூவைப் பார்த்த அன்று அம்மா தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். அதுவரை அவர் அழுததில்லை.

“எனக்கும் ஒரு கம்பு தாங்களன்” என்று ரீச்சர் பல வருடங்களாகக் கேட்டார். மழை வரட்டும், வரட்டும் என்று தள்ளிவந்தேன். இந்த மழைக்குத்தான் அவருக்காக ஒன்றை நட்டு வைத்தேன். வேர்விட்டு, பூச்சாடியில் நிற்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு தட்டுத்தான். நீங்களும் ஒரு கம்பு நட்டுப் பாருங்கள்: தூளில் தோய்த்ததும், விரலால் ஒருதரம் தட்டி உதிர்த்துவிட்டு மண்ணில் வையுங்கள்.