பின்வாசல் என்ற கட்டம்

லாஸ் ஏஞ்சலீஸில் என் மகள் என்னை ஒரு விசித்திரமான பூங்காவுக்கு அழைத்துப் போனாள். முன்பு மிருகக்காட்சி சாலையாக இருந்த இடம். மிருகங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கரடிகள் வாழ்ந்த செயற்கைக் குகைகளில் இப்போது மேசை போட்டுக் குடும்பங்கள் சாப்பிடுகின்றன. மகள் தக்காளி சாதம் கட்டி வந்திருந்தாள். நான் தட்டை வைத்துவிட்டுக் குகையின் பின்பக்கம் போனேன். குறுகலான படிக்கட்டு, கம்பி போட்ட சின்ன அறை, மிருகம் உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு கதவு. "என்னப்பா தேடறீங்க, பாத்ரூமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லக் கால் மணி நேரமாவது ஆகும். உங்களுக்கு அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மில் இருந்தது. அதில் நான் அலுவலக மேலாளர். மில் காலனிக்குள் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையும் இருந்தது. பெரிய முதலாளி, சட்டம் இறுகுவதற்கு முன்பே சேர்த்தவை: மான்கள், மயில்கள், ஒரு கிழட்டு முதலை, ஒரு பெண் கரடி. கரடியை ஒரு கட்டில் அகலக் கூண்டில் வைத்திருந்தோம். நாளெல்லாம் ஆறு எட்டு வைத்து அந்தப் பக்கம், ஆறு எட்டு வைத்து இந்தப் பக்கம் நடக்கும். நான் சாப்பாட்டு இடைவேளையில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். எண்ணுவது என் தொழில்.

அதைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். தினமும் முதல் பஸ்ஸில் வந்து கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவார். கூழில் வெல்லம் கரையும் வாசம் என் மேசை வரை வரும். "அம்மணி" என்று ஒரே ஒரு முறை கூப்பிடுவார். கரடி நடையை நிறுத்திவிட்டு நேராக அவர் குரல் வந்த பக்கம் போய்க் கம்பியில் மூக்கை வைக்கும். என் வீட்டில் நான் பத்து முறை கூப்பிட்டாலும் யாரும் அப்படி வந்ததில்லை.

தொண்ணூறுகளில் தில்லியிலிருந்து மிருகக்காட்சி சாலைகளுக்குப் புது விதிமுறைகள் வந்தன. கூண்டு போதாது, இடம் வேண்டும் என்றன. அதே சமயம் சின்ன முதலாளி அமெரிக்காவில் படிப்பை முடித்துக்கொண்டு ஒரு புகைப்பட ஆல்பத்தோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்க சார், சிங்கத்துக்கும் சனத்துக்கும் நடுவுல கம்பியே இல்லீங்க பாருங்க. வெறும் பள்ளந்தான். நம்ம கரடிக்கும் இப்படி ஒண்ணு கட்டிப்போடலாம்."

நான் மூன்று விலைப்புள்ளி இல்லாமல் ஒரு துடைப்பம்கூட வாங்க விடாதவன். ஆகவே அமெரிக்காவின் மூன்று மிருகக்காட்சி சாலைகளுக்கு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். சான் டியேகோ, நியூயார்க், சிகாகோ என்று மூன்று பத்தி. ஆதியில் எல்லா ஊரிலும் இரும்புக் கூண்டுதான் என்று குறிப்பு எழுதினேன். சான் டியேகோவில் வெகு சீக்கிரமே சிங்கத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். நியூயார்க்கில் மான்களும் சிங்கமும் ஒரே வெளியில் நிற்பதுபோலத் தெரியும், நடுவில் மறைவாகப் பள்ளம். சிகாகோவில் கரடிகளுக்குப் பாறைக் குகைகள். ஆல்பத்தையும் சின்ன முதலாளியின் வாய்மொழியையும் வைத்து எழுதிய குறிப்பு என்றாலும், இன்றுவரை அதில் பெரிய பிழை இல்லை. பின்னாளில் மூன்றையும் நேரில் பார்த்தேன். அவர்கள் பள்ளத்தையும் தாண்டிப் போய்விட்டார்கள். கண்ணாடி, காடு, அருவி என்று எங்கேயோ இருக்கிறார்கள்.

பட்டியலில் கடைசி வரிசை, மிருகத்தை உள்ளே விடவும் வெளியே எடுக்கவுமான 'பின்வாசல்'. புகைப்படம் எதிலும் அது தெரியவில்லை. பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்? ஆனால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம்; அதை ஏற்படுத்தியவனும் நானே. மூன்று கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். கட்டிட மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் கட்டினார். நடுவில் ஒரு திட்டு, சுற்றிலும் பன்னிரண்டு அடி ஆழப் பள்ளம், வழவழவென்று மதுக்கரை சிமெண்டுப் பூச்சு. பள்ளத்துக்குள் இறங்கவோ ஏறவோ படியும் இல்லை, கதவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கரடியைப் பலகைப் பாலம் போட்டுத் திட்டுக்கு ஓட்டிவிட்டுப் பாலத்தை எடுத்துவிட்டோம். ஷிப்ட் முடிந்தவர்கள் கூடியிருந்தார்கள். "அம்மணிக்கு அமெரிக்கா விசா கெடச்சிருச்சு போல" என்றார் ஒரு பிட்டர். எல்லோரும் சிரித்தோம். கரடி இத்தனை பெரிய திட்டிலும் ஆறு எட்டுதான் நடந்தது. பிறகு திரும்பியது.

மதியம் காதர் பாய் கூழ்ச்சட்டியோடு எதிர்க்கரைக்கு வந்து, வழக்கம்போலக் கூப்பிட்டார். அது வழக்கம்போல நேராக வந்தது. கம்பி இருந்தால்தான் அதற்கு எல்லை. வெறும் காற்றில் காலை வைத்தது.

விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பின்காலை இழுத்துக்கொண்டு சுவரைப் பிராண்டியது. காதர் பாய் என்னிடம் ஓடி வந்தார்.

"ரெண்டு தென்னைமரத்தைச் சாய்ச்சுப்போட்டா அதுவே ஏறி வந்துருமுங்க சார்."

"ஏறி எங்க வரும் பாய்? காலனிக்குத்தான் வரும். கொழந்தைக இருக்கு. வனத்துறைக்கும் மாட்டு டாக்டருக்கும் லெட்டர் அனுப்பறேன். எழுத்துல உத்தரவு வரட்டும்."

"அதுக்குப் படிக்கத் தெரியாதுங்களே சார்."

நான் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்பதும் சட்டப்படிதான். அது ஏப்ரல் மாதம். புதுச் சிமெண்டு வெயிலை வாங்கி வைத்துக்கொண்டது. அவர் கயிற்றில் வாளி கட்டித் தண்ணீர் இறக்கினார், தர்ப்பூசணி போட்டார், இரண்டு நாளும் வீட்டுக்குப் போகாமல் ஒரு தார்ப்பாயைப் பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை என் அனுமதி இல்லாமல் யாரோ நாலு பேரைச் சேர்த்துத் தென்னைமரத்தை இறக்கினார்.

"எந்திரி கண்ணு. வா அம்மணி."

கரடி தலையை மட்டும் தூக்கிக் குரல் வந்த பக்கம் பார்த்தது. மதியத்துக்குள் செத்துப்போனது. திங்கட்கிழமை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையே மேல ஏத்தியிருந்தா பொழச்சிருக்குமுங்களா?" என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "அதையும் ரிப்போர்ட்ல எழுதோணுமுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஒரு சாவுக்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு பெயர் வேண்டும். குற்றச்சாட்டு மெமோவை நானே எழுதினேன். 'நீர் அழைத்ததால் விலங்கு விழுந்தது.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காதர் பாய் அதை இரண்டு முறை படித்தார்.

"கூப்புட்டது நெசந்தானுங்க சார்" என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விளக்கம் கொடுத்தார். ஒரு முழுத்தாள், இரண்டு பக்கமும், பென்சிலால், நெருக்கி நெருக்கி. அத்தனை எழுதக்கூடியவர் என்று எனக்குத் தெரியாது. கோப்பு அன்று மாலையே முதலாளியிடம் போக வேண்டியிருந்தது. நான் படிக்கவில்லை. ஓரத்தில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வாரமே அவர் வேலையை விட்டு நின்றார். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

மில் மூடி இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். மான்களை வனத்துறை கொண்டுபோனது. காலனியும் இல்லை, அந்தப் பள்ளம் எந்தக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. மூடுகிற நேரத்தில் காலாவதியான கோப்புகளை அழிக்கும் பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். அந்தக் கோப்பும் சேர்ந்த மூட்டைகளைப் பாய்லரில் போட்டபோது பக்கத்தில் நின்று எண்ணிச் சரிபார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்தத் தாளில் காதர் பாய் என்னதான் எழுதியிருந்தார் என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். போன வருடம் கோட்டைமேட்டில் விசாரித்தேன். அவர் இறந்து நெடுநாளாகிவிட்டது என்றார்கள்.