இடது பக்கத்துச் சத்தம்

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது என் அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காதை வைத்துத்தான் பிழைப்பு. அவளுடைய பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாததால், விர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருளைப் போட்டு, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடுவது போலச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என் உயிரை வாங்கினாள்.

"சத்தம் விட்டு விட்டு வருதுடா. இடது பக்கம் சுத்தமா வரல. நீ வச்சுக் குடுத்த லட்சணம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் உள்ளே ஓடிய அந்தப் பழைய கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு செட்டிங்ஸை மாற்றியதும் சத்தத்தின் விக்கல் நின்றது. ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது.

"இந்தா, கேளு."

மாட்டினாள். "இடது பக்கம் இன்னும் வரல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட்போனைப் பிடுங்கி, இடம் வலம் மாற்றி அவள் தலையில் வைத்தேன். "இப்ப எந்தப் பக்கம் வரல?"

"அதே பக்கம்தான்," என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

இடது காதைக் கையால் பொத்தினாள். எடுத்தாள். மறுபடி பொத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் செட்டிங்ஸ் பாருடா," என்றாள் மெதுவாக.

நானும் எதையோ தேடுகிறவன் போல மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.