டிக்கெட் இல்லாத ஆட்டம்

கிரிக்கெட் வீரர்களை ஏலம் விடும் நாளில் எங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்காது. கடலோரத் திரேஸ்புரத்தில் எங்கள் தெருவிலேயே பெரிய டி.வி. எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் மாமா, அம்மாவுக்கு மூத்தவர். மீன் ஏலத்தைப் பார்த்தே வளர்ந்த மனிதர் ஆள் ஏலத்தைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? கோட்டுப் போட்டவர் மரச்சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் மாமா இங்கிருந்தே விலையை ஏற்றிவிடுவார். ஒருவனுக்குப் பத்துக் கோடி என்றதும், இவனை எடைக்கு எடை சீலா மீன் வைத்து நிறுத்தாலும் இத்தனை வராதே என்று கவலைப்படுவார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

அப்பாவும் சிரிப்பார், ஆனால் அதிகம் பேசமாட்டார். அவர் சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து காற்று வருகிற ஓஸ் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அடியில் மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைக் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். மேலே அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் மாமா. எங்கள் பக்கம் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான் என்பது அந்தக் காலத்து ஆட்கள் போட்ட கணக்கு. மேலிருந்து இரண்டு இழுப்பு இழுத்தால் ஏறி வா என்று அர்த்தம். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். டி.வி. முன்னால் அத்தனை வாயடிக்கிற மாமா, கயிற்றைப் பிடித்துவிட்டால் எச்சில்கூட விழுங்கமாட்டார் என்று அப்பா சொல்வார்.

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஆழத்திலிருந்து நின்று நின்றுதான் ஏற வேண்டும்; ஒருநாள் அவசரமாக மேலே வந்துவிட்டார், அன்றிலிருந்து முட்டியும் தோளும் பிடித்துக்கொண்டன. நடந்தால் நாலு அடிக்கு ஒருமுறை சுவரைத் தேடுவார். இனிமேல் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, இறங்கினால் கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா நாலு இடம் அலைந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை பேசி முடித்தார். பிறக்கிற மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். நீலச் சட்டைகூட வந்துவிட்டது. அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துப் பெட்டியில் பூட்டினாள். அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்தச் சில வாரங்கள்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது, அதில் ஒரு பட்டிமன்றமும் வந்தது. விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் புகழும் பணமும் தகுமா, தகாதா என்பது தலைப்பு. எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே தமிழ் டீச்சர் என்னைத் ‘தகும்’ அணியில் போட்டார். ‘தகாது’ அணியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அப்பா துறைமுக ஆபீஸில் உத்தியோகம் பார்த்தார். அவனும் ஆபீஸர் மாதிரியே பேசுவான்.

அப்பா பாயில் கிடந்து முட்டிக்கு நொச்சித்தழை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார். நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் போய் உட்காருவேன். வீட்டில் சும்மா கிடக்கிற ஆளை விடுவானேன்? அவரும் உற்சாகமாகத்தான் சொல்லிக் கொடுத்தார்.

“அவனுவளுக்கு எத்தன வருசம்ளா ஆட்டம்? முப்பத்தஞ்சத் தாண்டுனா எவன் கூப்புடுவான்? முட்டி போயிரும்லா. அதுக்குள்ள சம்பாதிச்சாத்தான் உண்டு.”

நான் எழுதிக்கொண்டேன். வலியோடுதான் ஆடுவார்கள், வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். கிரிக்கெட்டைப் பற்றி அப்பாவுக்கு இவ்வளவு தெரியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அந்தப் பையன் சங்கு குளிக்கிறவர்களை இழுத்துப் பேசப்போகிறான் என்று முதல் நாளே என் காதுக்கு வந்துவிட்டது. அப்பாவிடம் ஓடிவந்து, இதற்கு நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டேன். அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். ஒத்தடத் துணியைச் சட்டியில் போட்டார், முட்டியைத் தடவிக்கொண்டார், அப்புறம் சொன்னார்.

“நாங்க அடியில செய்யத எவன் பாத்தான்? அவனுவ ஆட்டத்த ஊரே டிக்கெட் எடுத்துப் பாக்குது. பாக்காததுக்கு எவன் துட்டு குடுப்பான்? அப்படிச் சொல்லு.”

நல்ல பதில்தான். இரண்டு அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. முன்வரிசைகளில் டீச்சர்மாரும் ஊர்ப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். பின்னால் முழுக்க எங்கள் தெரு ஆட்கள், வள்ளத்துக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். அப்பா தேய்த்த சட்டை போட்டு, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தார்.

அந்தப் பையன் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தான். மட்டையைப் பிடித்தவனுக்குக் கோடி கொடுக்கிறீர்களே, நம் ஊரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறானே, அவன் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டான். பின்வரிசைகளில் நாற்காலிகள் அதிரும்படி கை தட்டினார்கள், யாரோ விசில்கூட அடித்தார்கள். அது என் அப்பாவுக்கும் சேர்த்து விழுந்த கைதட்டல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரிசு கைவிட்டுப் போகிறதே என்றுதான் தோன்றியது.

நான் எழுந்து, பத்துக் கோடிக்கு ஏலம் போன ஒரு வீரரைப் புகழ்ந்துவிட்டு, அப்பா சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னேன். நடுவர் தலையை ஆட்டி ரசித்தார். ஆனால் கைதட்டல் இல்லை. பதினோரு வயதில் மேடை ஏறியவளுக்குக் கைதட்டல் இல்லாமல் இறங்குவதைவிடப் பெரிய அவமானம் இந்த உலகத்தில் கிடையாது. நோட்டில் இல்லாத ஒன்றை என் வாய் தானாகச் சொன்னது.

“ஓஸைக் கடித்துக்கொண்டு இறங்கி, கீழே கிடப்பதைப் பொறுக்கி வருவதற்கு என்ன திறமை வேண்டும்? கடலோரத்தில் பிறந்த யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். அந்த வீரரைப் போல ஒரே ஒரு பந்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.”

முன்வரிசைகள் குலுங்கிச் சிரித்துக் கை தட்டின. பின்னால் சத்தமே இல்லை. எங்கள் தெரு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள் கை தட்டினார். அப்பாதான். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எங்கள் அணி ஜெயித்தது, எனக்கு எவர்சில்வர் கோப்பை கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது மாமா என்னோடு பேசவில்லை. மூச்சுக்கு மூச்சு என்னைக் கேலி செய்கிற மனிதர் தெருமுனை வரை தலையைத் தூக்கவில்லை. நான் புகழ்ந்து பேசிய வீரர் மாமாவுக்குப் பிடிக்காத அணிக்காரர், அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா கோப்பையை டி.வி. மேல் வைத்து, துணியால் துடைத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். அந்தக் கடைசி வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தது என்றார். நானாகத்தான் சொன்னேன் என்று பெருமையாகச் சொன்னேன். நல்லாப் பேசின என்றார்.

இரண்டு நாள் கழித்து, கடலுக்குப் போகவேண்டும் என்று ஆரம்பித்தார். சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கடல் கொடுத்த வலியைக் கடலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள். கை கால் பிடித்துக்கொண்டவன் மறுபடியும் அடிக்குப் போனால், அங்கே இருக்கிறவரை வலி விட்டுவிடும். அது பொய்யில்லை, எல்லாருக்கும் பழக்கத்தில் தெரிந்ததுதான். மேலே வந்த பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை இறங்கி வலியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஒன்றாம் தேதி ஒழுங்காக வேலைக்குப் போய்விடுகிறேன் என்றார் அப்பா.

அம்மா அழுதாள். டாக்டர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மாமா கயிற்றைப் பிடிக்கவே மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். அப்படியானால் வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று அப்பா சொன்னதும் வாசலோடு திரும்பி வந்தார். தங்கை புருஷனின் கயிற்றை அந்நியன் கையில் விட எந்த அண்ணனால் முடியும்? சரி என்றார். அதற்குப் பிறகு அப்பா இன்னொன்றும் சொன்னார்.

“பிள்ளையும் வரட்டும்.”

எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் ஏறுவதில்லை. அம்மாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. சமையாத பிள்ளைதானே, ஒருநாள் வந்தால் என்ன குற்றம் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். அவர் எதற்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை. மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வரட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். பரிசு வாங்கியதற்காக என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் குதித்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நான் கிறிஸ்துமஸ் கவுன் போட்டிருந்தேன். கரையும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் சின்னதாகிப் போவது வரை எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் குமட்டிக்கொண்டு வந்து, தின்ற இட்லியெல்லாம் கடலுக்குப் போயிற்று. அப்பா என் வாயைத் துடைத்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, நல்லாப் பாத்துக்க என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சரிந்து இறங்கினார்.

நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். குமிழிகள் வந்தன. கம்ப்ரஸர் காதைக் கிழித்தது, டீசல் வாடை அடித்தது. அப்பா வருகிற வழியாகத் தெரியவில்லை. எனக்குச் சலித்துவிட்டது. தூரத்தில் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, நான் திரும்பி அதைப் பார்க்க ஆரம்பித்தேன். மாமா கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் இரண்டு தடவை இழுத்தார். மறுபடியும் ஒன்றுதான் வந்தது. மாமாவின் உதடுகள் செபம் சொல்லிக்கொண்டிருந்தன. நான் கப்பலைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். பட்டிமன்றத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“அங்கன என்ன பாக்க? தண்ணியப் பாருளா.”

அவர் கண்களில் தண்ணீர் நின்றது. உப்புக்காற்று பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த அப்பா அப்படியே சரிந்தார். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மாமா அதற்குப் பிறகு யார் கயிற்றையும் பிடிக்கவில்லை. அம்மா மீன் கூடையைத் தூக்கினாள். கடலில் வலியை விடப்போய்க் காலை விட்டுவிட்டு வந்தார் என்று பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

இப்போது நான் சம்பாதிக்கிறேன், அப்பா என்னோடு இருக்கிறார். ஏலத்தன்று சக்கர நாற்காலியை டி.வி. முன்னால் தள்ளிவைப்பேன். ஒரு ஆளுக்கு இவ்வளவா, இது அடுக்குமா என்று வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது ஆரம்பித்தால் அப்பா விடமாட்டார். குடுக்கட்டும், அவனுவ முட்டி அவனுவளுக்குத்தான் தெரியும் என்பார். அந்த நேரத்தில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஊர் மேடையில் அத்தனை பேசின வாய் அங்கே திறப்பதில்லை. அன்று அவர் வலியை விடப் போகவில்லை. கோடிப் பேர் பார்க்க வேண்டாம், தன் ஆட்டத்தைத் தன் மகள் ஒருத்தி பார்த்தால் போதும் என்றுதான் போனார். இது எனக்குப் புரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

வள்ளத்தில் அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஒருவழியாக மேலே வந்தார். வலைப்பை நிறையச் சங்குகள். மூக்கில் லேசாக ரத்தம் வந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி, மூச்சு வாங்க என்னைத்தான் பார்த்தார்.

“பாத்தியாளா?”

“என்னத்தப் பாக்க? வெறும் தண்ணிதாம்ப்பா தெரிஞ்சிச்சு.”

அப்பா சிரித்தார். வலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.