கண்டக்டர் போதகரானது

என் கணவர் போதகராவதற்கு முன் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா வழியாகப் பொன்முடி ஏறும் அரசு பஸ். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவருடைய குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இரண்டு தலைமுறையாகத் திருவனந்தபுரத்துக் கரமனையில் இருந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, புதுமணத் தம்பதி என்று வேதக்கோயிலில் எங்களை முன் பெஞ்சில் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் கீர்த்தனையை ஒரு சொல் பிசகாமல் பாடினார். கையிலிருந்த பாட்டுப் புத்தகம் வேறு ஏதோ பக்கத்தில் திறந்திருந்தது. தமிழ் பேசத் தெரிந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கர்க்கடகம் என்று அங்கே சொல்லும் ஆடி மாத மழையில், அவர் பஸ் பொன்முடி எஸ்டேட்டில் மாட்டிக்கொண்டது. ஏறிப்போன பிறகு கீழே கொண்டையூசி வளைவில் மண் சரிந்துவிட்டது. டிரைவரும் அவரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி முந்தின நாள் இறந்திருந்தாள். மாதம் ஒருமுறை வரும் போதகருக்கு ஆள் அனுப்பக்கூட வழியில்லை.

"சார், நீங்க வேதக்காரர்தானே? ஒரு ஜெபம் பண்ணிக் குடுங்க, அடக்கிருவோம். இதுக்கு மேல வச்சிருக்க முடியாது" என்று இறந்தவளின் மகன் கேட்டிருக்கிறான்.

டிக்கெட் பையைத் தோளில் போட்டபடியே இவர் போனார். குழியின் பக்கத்தில் வேதப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார்கள். இரண்டு எழுத்து கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். பிறகு அந்த அம்மாவைப்பற்றித் தனக்குத் தெரிந்ததைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் வித்துரா சந்தைக்கு வருவாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்து அரிசி வாங்குவாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, எல்லா வளைவையும் நின்றபடியே கடப்பாள். அவ்வளவுதான். மண் போட்டுத் திரும்பும்போது மகன் கேட்டான், "இனி எப்ப வருவீங்க?"

"ரோடு சரியானா நாளை மறுநாள் காலைல வண்டி உண்டு."

"வண்டியக் கேக்கல சார்."

இதை அவர் என்னிடம் சொன்னது நாலு நாள் கழித்து. சொல்லிவிட்டு, "எனக்குத் தமிழ் வாசிக்கான் படிக்கணும். நீ படிப்பிச்சுத் தருவியா?" என்றார்.

டியூட்டி முடிந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து படிப்பார். 'ழ'வும் 'ற'வும் மலையாளம் படித்தவருக்கு ஒரு சிரமமே இல்லை. 'க'தான் அவரைப் படுத்திவிட்டது. "மலையாளத்தில ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு எழுத்து உண்டு. இது எல்லாத்துக்கும் ஒரே 'க'. எப்பிடியாக்கும் அறியுதது?" என்று கேட்பார்.

"பேசுதப்ப வரும்லா, அதுமாதிரி வாசியுங்க" என்பேன். எனக்கும் வேறு விளக்கம் தெரியாது.

ஆறு மாதத்தில் வாசித்துவிட்டார். வார விடுமுறையில் எல்லாரும் தூங்குவார்கள். இவர் பயணியாக மலையேறி, லயத்தில் ஆராதனை நடத்திவிட்டு வருவார். அதுவரைக்கும் எனக்குச் சம்மதம்தான். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போகலாம் என்று தோன்றுவதாகச் சொன்னார். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, இளையவன் கைக்குழந்தை. அரசாங்க வேலையை யார் விடுவார்கள்?

"அழைப்பு உங்களுக்கு வந்துது. எனக்கு வரல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வேத வசனம் எதையும் எடுத்து என்மேல் வீசவில்லை. "அப்பம் நான் போகல்ல" என்றார். உண்மையிலேயே போகவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். இரண்டு வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கடவுளே கூப்பிட்டதாக நம்பும் ஒரு மனிதர் மனைவிக்காக இரண்டு வருடம் காத்திருக்க முடியும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வருடம் ஒரு ஞாயிறு, பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவருடன் மேலே போனேன். என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் எண்ணம். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. ஆராதனையில் விசேஷமாக ஒன்றும் இல்லை, பிரசங்கம்கூடச் சுமார்தான். முடிந்த பிறகு, முன்பு சொன்னேனே, அந்தப் படுக்கையில் கிடக்கும் பெண், அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். புகையடைந்த ஒற்றை அறை. இவர் கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஒரு அதிகாரத்தை வாசித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் சரளமா வரணும் இவருக்கு" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னேன்.

"வேண்டாம்மா" என்றாள் அவள். "மத்தவங்க மடமடன்னு வாசிச்சிட்டுப் போயிருவாங்க. இவரு நிறுத்தி நிறுத்தி வாசிக்கதுனாலதான் எனக்கு விளங்குது. இவரு வந்துட்டுப் போனா ஒரு வாரம் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

இறங்கி வரும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நெடுமங்காடு வந்ததும் எழுப்பி, "கல்லூரிக்கு எழுதிப் போடுங்க" என்றேன். "உறப்பாட்டுத்தானா?" என்று மட்டும் கேட்டார். உறுதியாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

சபைக் குழுவின் நேர்காணலில், "தரிசனம் ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டார்களாம். "இல்ல. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாரு. அதுக்கு எனக்குப் பதில் சொல்லான் முடியல்ல" என்று இவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். போனார். அப்போது எடுத்துக்கொண்டார்கள். நாலு வருடப் படிப்பில் வகுப்பிலேயே மூத்த மாணவர் அவர்தான். நான் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்து வீட்டை ஓட்டினேன். கஷ்டமில்லை என்று சொன்னால் பொய். இரண்டு முறை படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவரே எழுதினார். இரண்டு முறையும் வேண்டாம் என்று பதில் எழுதியது நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பட்டம் பெற்று அவர் கேட்டு வாங்கிய முதல் சபை அந்த மலைதான். தேயிலை விலை விழுந்து லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம். வேலை தேடிக் கீழே போனவர்களின் வயதான பெற்றோர்தான் சபையில் பாதி. அட்டைக்கடி இரத்தத்துடன் வீட்டுக்கு வீடு போவார். கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு வருவார். ஐந்து வருடம் அப்படி இருந்தோம்.

மாற்றல் கடிதம் வந்த வாரம் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒவ்வொருவராக வந்து எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் போனதும் உள்ளே வந்து, நான் கட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

"புதுச் சபை கடல் பக்கமாக்கும், கேட்டியா" என்றார். "பிள்ளைகளுக்கு இஷ்டமாவும்."