ஜனவரியில் வெயில் கண்ட டாக்டர்

போர்கில்ட் பதினாறு வருஷமாக வானிலை ஆபீசுக்குப் பலூன் விட்டவள். நார்வேக்கும் வடக்கே, நவம்பரில் போன சூரியன் பிப்ரவரியில்தான் எட்டிப் பார்க்கிற ஒரு தீவில். பெரிய படிப்பெல்லாம் இல்லை, மீன் கருவாடு போடும் கொட்டகையிலிருந்து வந்தவள். ஆனால் பலூனை வெதுவெதுப்பான மண்ணெண்ணெயில் எவ்வளவு நேரம் முக்கி எடுத்தால், மேலே குளிரில் விறைத்து வெடிக்காமல் முப்பது கிலோமீட்டர் ஏறும் என்பது அவள் கைக்குத்தான் தெரியும்.

ஆஸ்லோ தலைமை ஆபீசில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த மேலதிகாரி டாக்டர் எய்லிஃபுக்கு அந்த மண்ணெண்ணெய் நாற்றம் ஆகாது. மனுஷன் தீவுப் பக்கமே வந்ததில்லை. நாற்றம் மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ!

அந்த ஜனவரியில் நாலே நாளில் உச்சி வானம் மைனஸ் எண்பதிலிருந்து மைனஸ் பதினைந்துக்கு ஏறிவிட்டது. கீழே அதே மூக்கு உறைகிற குளிர். போர்கில்ட் பலூனில் தொங்கும் வெப்பமானிக் கருவியை மாற்றி மறுபடி விட்டாள். அதே எண்தான் வந்தது. ஆஸ்லோவுக்கு அனுப்பி வைத்தாள். ஆறாம் தேதி மதியம் ரேடியோபோன் அலறியது. டாக்டர்தான்.

"என்ன அம்மணி, பலூனை அடுப்புல வாட்டி அனுப்புனீங்களா?"

"இல்லீங்க. ரெண்டு கருவி மாத்திப் பாத்துட்டேன். மேல நெஜமாவே சூடேறிருக்கு."

"சூடாவது மண்ணாவது! வெப்பமானி மேல வெயில் பட்டிருக்கு. மூணு நாள் எண்ணையும் அடிச்சுக் குப்பைல போட்டாச்சு."

போர்கில்ட் ஜன்னலைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு, வெளியே கும்மிருட்டு. பலூன் போகிற உயரத்துக்கே ஏறிப் பார்த்தாலும் சூரியன் தெரியாத நாள் அது.

"டாக்டரே, இங்க வெயிலப் பாத்து ரெண்டு மாசமாச்சு. சரி, அது போகட்டும். எப்பவும் கிழக்கால ஓடுற பலூன் உச்சிக்குப் போனதும் மேற்கால திரும்புது. காத்தே தலைகீழா மாறிருக்கு. அதையும் உங்க வெயில்தான் புடிச்சுத் தள்ளுச்சா?"

"வாய் நீளுது! பிப்ரவரிக் கப்பல்ல மூட்டையக் கட்டுங்க. இனி மெஷின் விடும் பலூன்."

பதினாறு வருஷம், ஒரு போனில் போச்சு. போர்கில்ட் போனை வைத்தாள். அடித்துப்போட்ட எண்களைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்தாள். மறுநாளும் பலூன் விட்டாள்.

மூன்றாவது வாரம், துருவத்தில் அடைபட்டுக் கிடந்த குளிர், அதைக் கட்டிவைத்திருந்த மேல்காற்று திரும்பிவிட்டதால் உடைந்து தெற்கே கொட்டியது. ஆஸ்லோவில் குழாயெல்லாம் வெடித்தது. மேலே காற்று என்றைக்குத் திரும்பியது என்று பெரிய இடத்தில் கேட்டார்கள். மற்ற ஊர்ப் பலூன்கள் பாதி உயரத்திலேயே வெடித்துத் தொலைந்திருந்தன. மிச்சம், டாக்டர் குப்பையில் போட்ட அந்த மூன்று நாள் எண்கள்தான்.

போன் வந்தது. குரலில் தேன் வழிந்தது.

"போர்கில்ட், சௌக்கியமா? அந்த மூணு நாள் எண் உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்கு."

"அனுப்பிடுங்களேன். கப்பல் பேச்ச மறந்துடுங்க, அந்த உத்தரவக் கிழிச்சுட்டேன்."

"கிழிச்சது போதாது, ஒண்ணு எழுதணும். 'ஜனவரி ஆறாம் தேதி தீவில் சூரியன் இல்லை.' ஆபீஸ் டெலக்ஸ் மெஷின்ல அடிச்சு, உங்க பேர் போட்டுத் தாள்ல வரட்டும். அப்புறம் எண் வரும்."

"ஐயோ, ஆபீசே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். நான் மட்டும் எத்தன நாள் தனியா சிரிக்கிறது?"

அரை மணியில் டெலக்ஸ் கடகடத்தது. ஒரு வரிச் சேதி, அதற்குக் கீழே மூன்று வரிக்குப் பட்டமும் பதவியும். அந்த நிலையிலும் பட்டத்தை விட மனசு வரவில்லை பாருங்கள்! போர்கில்ட் எண்களை அனுப்பிவிட்டு, அந்தத் தாளை மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு மேலே ஒட்டினாள். எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பட்டமெல்லாம் அழிந்துவிட்டது. மேல் வரியை மட்டும் இன்றைக்கும் படிக்கலாம்.