வெட்கப்படாத மணப்பெண்

கல்யாண அழைப்பிதழுக்கு அனிமேஷன் செய்வது என் பிழைப்பு. இதுவரை எல்லாம் மவுஸில்தான். கோடு நடுங்கும்.

மவுஸே போதுமா, டிராயிங் டேப்லெட் வேண்டுமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, நேற்று சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறிப் போய் டேப்லெட் வாங்கினேன்.

இன்று அதில் முதல் மணப்பெண். கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மாலையோடு அவள் நடந்துவரும் காட்சியைக் குறிஞ்சிப்பாடியில் இருக்கும் பெண்ணின் தாய்மாமனுக்குப் பெருமையாக அனுப்பினேன்.

உடனே போன்.

"என்னா தம்பி, பொண்ணு இப்டி வெறப்பா நடக்குது? போன வருஷம் பெரியவளுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதுல எவ்ளோ வெக்கமா நெளிஞ்சிக்கிட்டு வந்துச்சி!"

"சார், அது வெக்கம் இல்ல. மவுஸு."

"எதுவா இருந்தா என்னா? அதையே போடுங்க. எங்க அக்காவுக்கு அதான் புடிக்குது."

பழைய மவுஸைத் தேடி எடுத்துவிட்டேன்.

இந்த டேப்லெட்டில் வெட்கம் எந்தப் பட்டனில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.