ஆடாமல் நிற்க வேண்டும்

குழந்தை பிறந்தபின் நான் மறுபடி கேமராவைத் தோளில் தூக்கியது பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் சமையலறையில். தொலைக்காட்சிக்கான சின்னப் படம். ஏழு மாதக் குழந்தையைச் செராஸில் வீட்டில் கணவரிடம் விட்டு வந்திருந்தேன். பால் போதுமா, கதவைச் சாத்தினாரா என்று வழியெல்லாம் யோசனை.

காட்சி இதுதான். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. ஊரில் அம்மா இறந்துவிட்டதாக ஒரு பெண்ணுக்கு ஃபோன் வருகிறது. வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும்.

முதல் முறை எடுத்து முடித்ததும், என் பக்கத்தில் நின்று ஃபோக்கஸ் பார்க்கும் அண்ணன் முணுமுணுத்தார்.

"என்னம்மா, படம் ஆடுது லா."

"எங்கண்ணே?"

"முழுக்கத்தான். போட்ல நின்னு எடுத்த மாதிரி. உன் இடுப்பப் பாரு, இப்பவும் ஆடுற."

குனிந்து பார்த்தேன். ஆமாம். தோளில் பாரம் ஏறியதும் என் உடம்பு, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல், தானாக ஆடத் தொடங்கியிருந்தது.

நடைவழியிலிருந்து இயக்குநர் எட்டிப் பார்த்தார். "நடிகையால இன்னும் ஒரு தடவதான் அழ முடியும். நீ எடுக்கிறியா, அண்ணன எடுக்கச் சொல்லவா?"

"நானே எடுக்கிறேன்" என்றேன். சொன்ன நொடியே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

வெளியே போன ரயிலின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு தொடங்கினோம்.

செய்தியைக் கேட்டதும் நடிகை அழவில்லை. அடுப்பை அணைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த சமையல் மேடையைத் துடைத்தார். அது திரைக்கதையில் இல்லாதது. ஆனால் என் கேமரா அவர் கையோடு இறங்கியது, கையோடு நகர்ந்தது, நான் முடிவெடுக்கும் முன்பே. பிறகு மெல்ல முகத்துக்கு ஏறியது. கீழ் இமையில் கண்ணீர் நிறைந்து நின்றது, விழவில்லை. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் எனக்கு மூச்சு இருந்ததா என்று தெரியவில்லை. குழந்தையின் நினைப்பு இல்லை. பிரசவ அறையில் அவள் முதன்முதலாகக் கண் திறந்ததைப் பார்த்தபோது இருந்த அதே அமைதி.

"கட்."

இயக்குநர் கையில் வைத்துப் பார்த்த சிறிய மானிட்டரில் நுணுக்கமான ஆட்டம் தெரியாது. அதனால் 'கட்' சொன்னதும் கேமரா பிடித்தவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

"எப்படி வந்துச்சு?"

எதற்கும் இன்னொன்று எடுத்துவிடலாம் என்பதுதான் எப்போதும் என் பதில். நடிகை சுவரில் சாய்ந்து, பருப்புப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா வந்திருக்கு. ஆடல."

என் குரலா அது?

அண்ணன் என் தோளிலிருந்து கேமராவை வாங்கினார். கை காலியானதும் இடுப்பு மறுபடி ஆடத் தொடங்கியது.

"இப்ப ஆடிக்கம்மா," என்றார். "இப்ப யாரு கேக்கப் போறா?"